நீடாமங்கலம் கேட்டில் நின்ற வண்டி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் திட்டாத டிரைவர் கீழத்தஞ்சையில் ஒருவர்கூட இல்லை. மூடினால் மூடியதுதான். சரக்கு ரயில் முன்னால் வந்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, அதற்கே அலுத்துப்போய்க் கிளம்புகிறவரை பஸ், லாரி, கல்யாண வேன், சவ ஊர்தி எல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் திட்டுகிற வாய்க்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வரிசையை நம்பி ஒரு கூட்டமே பிழைத்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள், வேர்க்கடலை விற்கிறவர்கள், ஜன்னல் வழியாக டீ கிளாஸை நீட்டுகிறவர்கள். எல்சியும் அவர்களில் ஒருத்திதான். கேட் திறந்து எல்லா வண்டிகளும் உறுமும்போது எது உறுமாமல் முக்குகிறதோ, அதைத் தள்ளிக்கொண்டு அவள் கடைக்கு வருவார்கள்.

கடையின் பலகையில் ‘ஜோஸ்வா ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ என்று நீலத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, சிவப்பில், ‘துபாய் அனுபவம்’.

ஜோஸ்வா எல்சியின் புருஷன். பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவான், டிராக்டர் டைனமோவைப் பிரித்து மேய்வான். கல்யாணமான புதிதில் வருமானத்துக்குக் குறைவில்லை. பிறகு வந்தன அந்த வறட்டு வருஷங்கள். ஜூன் மாதம் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. சம்பாவாவது தேறும் என்று நாற்று விட்டவர்கள் நாற்றங்காலிலேயே மாட்டை அவிழ்த்து விட்டார்கள். வயல் காய்ந்தால் மோட்டார் எதற்கு, மோட்டார் ஓடாவிட்டால் காயில் கட்டுகிறவன் எதற்கு? மன்னார்குடியில் இருந்த ஏஜென்ட் ஒருவன் ஆட்டோ எலக்ட்ரீஷியன் விசா இருக்கிறது என்றான். ஜோஸ்வா விமானம் ஏறினான்.

கடையைப் பூட்டிவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் அவன் போன மறுநாள் காலை, இராஜாங்கம் என்கிற டிராக்டர்காரர் வாசலில் வந்து நின்று கத்தினார். அவருடைய டைனமோவைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டு ஜோஸ்வா பறந்திருந்தான். அந்த மனிதர் கத்திய கத்தல் தாங்காமல்தான் எல்சி பெஞ்சில் உட்கார்ந்து ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தாள். வெகுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண்ணுக்குக் கை தானாகவே பின்னால் வந்தது. டைனமோ ஓடியது. அப்படி எடுத்த ஸ்குரூடிரைவரை அவள் பிறகு கீழே வைக்கவில்லை.

பெண்பிள்ளை வண்டிக்குள் தலையை விட்டு வயரைப் பிடுங்குவதை ஊர் எப்படிப் பொறுத்தது என்று கேட்கலாம். பொறுத்ததற்குக் காரணம் அவளுடைய செல்போன். பிடிபடாத பழுது எதுவானாலும் எல்சி துபாய்க்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஜோஸ்வா அங்கிருந்து கூப்பிடுவான். அவள் விவரம் சொல்வாள். அவன், “சரி, கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன்” என்பான். சொன்னபடி கூப்பிட்டு, இந்த வயரைப் பார், அந்த ரிலேவை மாற்று என்பான். சொன்னது சரியாகவே இருக்கும். வண்டிக்காரர்கள் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, “ஆளுதான் இங்க இல்ல, வேலை துபாய் வேலை” என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அவன் உடனே பதில் சொல்லாததைக்கூடப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பாவம், அங்கே ஷேக்கின் வண்டிக்கு அடியில் கிடப்பான்.

இப்படி ஆறேழு வருஷம் ஓடியது. எல்சியின் தம்பி அருள்பிரகாஷும் கடைக்கு வந்து சேர்ந்தான். அப்பாவின் குத்தகை நிலம் கைவிட்டுப் போனதும் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அக்கா பெஞ்சில், தம்பி வண்டிக்கு அடியில். நல்ல வேலைக்காரன், ஆனால் மனசு மட்டும் எப்போதும் திருச்சி ஏர்போர்ட்டில் நின்றது. ஊரும் சும்மா இருக்கவில்லை. “அத்தான் அங்க ராஜா மாதிரி இருக்காரு, நீ இங்க கிரீஸ் நக்கிட்டு இருக்கியேப்பா” என்று போகிறவன் வருகிறவனெல்லாம் ஊதினான். கடைசியில் அதே ஏஜென்ட், அதே ஆட்டோ எலக்ட்ரீஷியன் விசா. அம்மாவிடம் மிச்சம் இருந்த நகையும் அதோடு போயிற்று. ஜோஸ்வாவிடம் கேட்டபோது போனில் கொஞ்சம் சத்தமே இல்லை. பிறகு, “வரட்டும்” என்றான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று எல்சி நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அருள் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் கூத்தாநல்லூர் வண்டி வந்தது.

ஹலீமா வீட்டு வண்டி. மகன் புருனேயில் இருக்கிறான். அம்மா பயணம் போக என்று சென்னையில் யாரோ கம்பெனிக்காரன் வைத்திருந்த பெரிய வெளிநாட்டு வண்டியை வாங்கி அனுப்பியிருந்தான். டிரைவர் முருகையன் குள்ளம். கதவைத் திறந்ததும் முதலில் இரண்டு தலையணை வெளியே விழுந்தன. அப்புறம்தான் முருகையன் இறங்கினார்.

“எல்சிம்மா, என்னைய நல்லாப் பாருங்க. நான் வண்டி ஓட்டிட்டு வந்தனா, படுத்துக்கிட்டு வந்தனா?”

விஷயம் இதுதான். டிரைவர் சீட்டின் பக்கவாட்டில் சின்னச் சின்ன பொத்தான்கள். அழுத்தினால் சீட் தானாக ஏறும், இறங்கும், முன்னால் பின்னால் நகரும். முந்தாநாள் ஹலீமாவின் கொழுந்தனார், பனைமர உயரக்காரர், ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டார். போனது போனதுதான். முன்னால் வர மறுக்கிறது. முருகையனுக்குக் கால் பிரேக்கை எட்டவில்லை. நாளைக்கு ஹலீமாவின் மகன் திருச்சியில் வந்து இறங்குகிறான், போய் அழைத்து வர வேண்டும்.

“திருச்சிக்கா?” என்றான் அருள். “நானும் நாளைக்கு அங்கதான் போறேன்.”

“அப்புறம் என்ன? போறப்ப வண்டி காலியாத்தானே போவுது, ஏறிக்க. ஹலீமாம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒங்க அக்கா சீட்ட சரி பண்ணணும். இல்லாட்டி நீ என் மடியில உக்காந்து பிரேக் போடணும்.”

எல்சி வேலையைத் தொடங்கினாள். சீட் ஏறி இறங்கியது. அப்படியானால் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, பேட்டரியிலிருந்து கரண்டும் வருகிறது. பின்னால் தள்ளும் பொத்தானை அழுத்தினால், ஏற்கெனவே கடைசியில் நிற்கிற சீட் ‘ம்ம்’ என்று முனகியது. முன்னால் தள்ளுவதை அழுத்தினால் மூச்சே இல்லை. சீட்டுக்கு அடியில் இருந்த மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயரைக் கொண்டுவந்து வைத்தாள். சீட் ஒரு சாண் முன்னால் நகர்ந்தது.

“போதும், இதோட விட்டுருங்க!” என்று முருகையன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நாளைக்கு அந்த மாமா மறுபடி உக்காந்தா? தலையணையோடதான் வருவீங்களா?”

மோட்டார் நன்றாக இருக்கிறது. சரி, சுவிட்சிலிருந்து கரண்ட் வருகிறதா? டெஸ்ட் லாம்பின் ஒரு காலை வண்டியின் உடம்பில் கவ்வவிட்டு, மறுகாலைப் பிளக்கில் குத்தினாள். அருள் முன்பொத்தானை அழுத்தினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது. மோட்டாரும் ஓடும். ஆனால் பிளக்கைச் சேர்த்தால் சீட் அசையவில்லை. எல்சிக்கு இந்த மாதிரி சீட் இதுதான் முதல் தடவை. துபாய்க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள்.

ஜோஸ்வா கூப்பிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். “சரி, கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன்” என்றான். அந்தக் கொஞ்ச நேரம் நீண்டது. முருகையன் டீ குடித்துவிட்டு வந்தார். மறுபடி போன் அடித்தபோது, “மோட்டார் போயிருக்கும் எல்சி. மாத்திடு” என்றான்.

“மோட்டாருக்கு நேரா பேட்டரி குடுத்துப் பாத்தேன்னு சொன்னேனேங்க. ஓடுது.”

“அப்ப... முன்னாடி போற சுவிட்சுல கரண்ட் வரலை.”

“வருதுங்க. லாம்ப் எரியுது. அதையும் சொன்னேன்.”

போனில், பின்னால் குழாய்த் தண்ணீர் எதன்மீதோ பீய்ச்சி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“அங்கதான் எல்லா வண்டியிலயும் இந்த சீட்டுன்னு சொல்வீங்களே. பக்கத்துல நிக்கிற வண்டியில ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்.”

“ஆளு கூப்பிடுறாங்க. அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டான்.

எல்சி கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களின் வீட்டில் பிறந்தவள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வடிகாலும் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த தண்ணீர் மடையிலேயே நிற்கும். மோட்டாருக்கு இரண்டு வயர். ஒன்றில் கரண்ட் வந்தாயிற்று. அது வெளியே போகிற வயர் எங்கே போகிறது? லாம்பின் ஒரு காலை இப்போது பேட்டரியில் மாட்டி, மறுகாலால் இரண்டாவது வயரைத் தொட்டாள். அந்த வயர் சும்மா இருக்கும்போது உடம்பில், அதாவது எர்த்தில், போய்ச் சேர்ந்திருந்தால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை.

இரண்டாவது வயர் போய்ச் சேருகிற இடம் பின்பொத்தான். முன்னால் போக வேண்டுமானால், யாரும் தொடாத அந்தப் பின்பொத்தான் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து எர்த்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது பிடிக்கவில்லை. எல்லோரும் முன்பொத்தானையே அமுக்கி அமுக்கித் திட்டிக்கொண்டிருந்தார்கள். குற்றம் சும்மா இருந்த பொத்தானில் இருந்தது.

சுவிட்சைப் பிரித்தாள். பின்பொத்தானின் சின்னத் தகட்டின்மேல் கருப்பாக, பிசுபிசுவென்று ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள்.

“முருகையண்ணே, டீ கொட்டினீங்களா?”

முருகையன் தலையைச் சொறிந்தார். “போன வாரம், நம்ம கேட்டுலதான். கிளாஸ வாங்கி ஒரு வாய்தான் குடிச்சேன், தொறந்துட்டான். பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சான் பாருங்க, கை ஆடிருச்சு. ஹலீமாம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

பெட்ரோலில் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மூடினாள். பொத்தானை அழுத்தியதும் சீட் வழுக்கிக்கொண்டு கடைசிவரை முன்னால் வந்தது. முருகையன் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் நெஞ்சில் இடிக்கிறவரை விட்டுப் பார்த்துச் சிரித்தார். “கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்குத் துபாய்க்கு அலையிறீங்களே எல்சிம்மா!”

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எல்சிக்கு அது தைத்தது. வண்டி போன பிறகு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அருள் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். இவ்வளவு நாளும் பழுதை ஒவ்வொரு வயராகத் தள்ளித் தள்ளித் தேடிப் பழகிய புத்தி, அவள் சொல்லாமலே புருஷனிடம் போய் நின்றது. தினமும் அந்த சீட்டோடு மாரடிக்கிறவனுக்கு இந்தப் பழுது பழைய கதையாக அல்லவா இருக்க வேண்டும்? அவன் என்றைக்காவது, ஒரே ஒரு தடவையாவது, ‘கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன்’ என்று சொல்லாமல் பதில் சொல்லியிருக்கிறானா? பின்னால் எப்போதும் ஏன் தண்ணீர்ச் சத்தம்? லீவில் வந்திருந்தபோது அவன் விரலிடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. நடவு நடுகிற பெண்களுக்குக் காலில் வருகிற சேற்றுப்புண் மாதிரி. எண்ணெய் அலர்ஜி என்றான். அவளும் மஞ்சள் குழைத்துப் போட்டுவிட்டாள். ஜோஸ்வா எண்ணெயிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு என்றைக்கு எண்ணெய் ஆகாமல் போயிற்று?

இந்தத் தடவை மிஸ்டு கால் கொடுக்கவில்லை. நேராகவே கூப்பிட்டாள். அடித்த மாத்திரத்தில் அவன் எடுத்தான்.

“உங்களுக்கு அங்க என்ன வேலைங்க?”

“எல்சி...”

“தண்ணி சத்தம் கேக்குது. எப்பவும் கேக்குது.”

அவன் அழுகிறானா, மூச்சு வாங்குகிறானா என்று தெரியவில்லை. பிறகு சொன்னான். “பெரிய கட்டடத்துக்கு அடியில வண்டி நிறுத்துற எடம். ஆளுங்க எறங்கி வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கழுவித் தொடைச்சு வைக்கணும். எங்க கம்பெனிக்கு ஒர்க் ஷாப்புன்னு ஒண்ணு இல்லவே இல்ல எல்சி. வந்த அன்னைக்கே பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க, லீவுக்குப் போறப்பதான் கையில குடுப்பாங்க. அந்த சீட்டு சுவிட்ச தினமும் தொடைக்கிறேன். ஒண்ணையும் தொறந்து பாத்ததில்ல.”

“அப்ப இவ்வளவு நாளா நீங்க சொன்னதெல்லாம்?”

“ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு ஒர்க் ஷாப்புல ரெத்தினம்னு பட்டுக்கோட்டைக்காரர் இருந்தாரு. ஓடிப்போய் அவர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுவேன். போன மாசம் அவரு ஊருக்குப் போயிட்டாரு.”

“லீவுல வந்தீங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லணும்னுதான் வந்தேன். கடை போர்டுல ‘துபாய் அனுபவம்’னு எழுதியிருந்ததப் பாத்தேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பெரிதாகப் பரிதாபம் வந்தது. இரண்டையும் தள்ளிக்கொண்டு தம்பியின் முகம் வந்தது.

“நாளைக்கு அருளு கிளம்புறான். நீங்கதானே வரட்டும்னீங்க?”

“வேணாம்னா, ஏன் வேணாம்னு கேப்பானே.”

“கேட்டா சொல்லுங்க! நான் சொன்னா நம்ப மாட்டான். சாயங்காலம் ஜெபத்துக்கு எல்லாரும் வர்றாங்க, போன்ல உங்கள பேசச் சொல்லுவாங்க. ஊர் முன்னாடி நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அதுக்குள்ள அவனத் தனியாக் கூப்பிட்டு, வராதடான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்குறேன்.”

“சொல்றேன். சத்தியமா சொல்றேன் எல்சி.”

அன்று பகல் முழுவதும் அவள் அருளின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடித்தது. சிநேகிதர்கள் கூப்பிட்டார்கள், ஏஜென்ட் ஆபீசில் கூப்பிட்டார்கள். “அத்தான் பேசுனாராடா?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். “ஜெபத்துல பேசுவாருக்கா. என்ன அவசரம்?” என்று அவன் புதுப் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிநாடு போகிற பிள்ளைக்கு முதல்நாள் சாயங்காலம் வீட்டில் ஜெபம் வைப்பது அவர்கள் சபையில் வழக்கம். போதகர் வந்தார். மாமியார், உறவுக்காரர்கள், தெருக்காரர்கள் என்று பாய் நிறைந்தது. சங்கீதம் வாசித்து, போக்கையும் வரத்தையும் காக்கச் சொல்லி ஜெபித்தார்கள். முடிந்ததும் யாரோ துபாய்க்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் விட்டு நடுவில் வைத்தார்கள். எல்சி காபித் தட்டோடு நின்றாள். இப்போதாவது சொல்லிவிடு, எப்படியாவது, ஏதாவது ஒரு சாக்கு, விசாவில் கோளாறு என்றாவது சொல்லிவிடு என்று அவள் ஜெபித்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த உண்மையான ஜெபம் அது ஒன்றுதான்.

“மச்சான்” என்றது ஜோஸ்வாவின் குரல். கொஞ்சம் நின்றது. “தைரியமா வாடா. நான் இருக்கேன்ல.”

எல்லோரும் ஆமென் என்றார்கள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம்புள்ள ஒருத்தன் போயி எத்தன குடும்பத்த தூக்கி விடுறான் பாருங்க” என்றாள்.

எல்சி அப்போதே தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. போதகர் இருக்கிறார், மாமியார் அழுகிறாள், இத்தனை பேர் நடுவில் புருஷனை வண்டி கழுவுகிறவன் என்று எப்படிச் சொல்வது? காலையில் தம்பியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று காபி கொடுத்தாள். மானம் பெரிது என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, அது இந்த மாதிரி நேரத்தில் யாருடைய கழுத்தில் உட்காருகிறது என்று பார்ப்பதில்லை.

காலையில் தனியாக எங்கே கிடைத்தான்? அம்மா ஒரு பக்கம், பெரியப்பா ஒரு பக்கம். முருகையன் வேறு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து ஹாரன் அடித்தார். பெட்டி ஏறியது, அருள் முன்சீட்டில் ஏறினான், வண்டி கிளம்பிவிட்டது. எல்சி வாசலில் நின்றாள். அப்போதுதான் கேட் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

அவள் செருப்பில்லாமல் ஓடினாள். வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தது அந்தப் பெரிய வண்டி. சரக்கு ரயில் வழக்கம்போல் முன்னால் வந்துகொண்டும் பின்னால் போய்க்கொண்டும் இருந்தது. அருள் ஜன்னலில் டீ கிளாஸோடு இருந்தான். அவளைப் பார்த்ததும், “எதையாச்சும் வச்சுட்டு வந்துட்டனாக்கா?” என்றான்.

“எறங்குடா. போவாத. அங்க ஒர்க் ஷாப்பு இல்லடா. அத்தான் வண்டி கழுவுறாருடா.”

அவன் சிரித்தான். முருகையன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சத்தியமாடா. நேத்து அவரே சொன்னாரு. அவரு விரலிடுக்கப் பாத்தல்ல? தண்ணியில கெடந்து கெடந்து வெந்துபோன விரலுடா அது.”

“அது எண்ணெ அலர்ஜின்னாருல்ல. நேத்து எல்லார் முன்னாடியும் தைரியமா வான்னாரு, நீயும் கேட்டுக்கிட்டுத்தானே நின்ன? அப்ப ஏன் வாயத் தொறக்கல?”

“இப்பக் கேளு. நீயே கூப்பிட்டுக் கேளு” என்று தன் போனை நீட்டினாள். அருள் வாங்கிக் காதில் வைத்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. எல்சி பிடுங்கி மறுபடி போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

“வேலையில இருப்பாரு” என்றான் அருள். அவன் குரல் இப்போது மாறியிருந்தது. “அக்கா, ஒன்ன எனக்குத் தெரியும். நான் போயிட்டா வண்டிக்கு அடியில படுக்க ஒனக்கு ஆளில்ல. அதானே? அம்மா நகையெல்லாம் போன பெறவு எறங்குன்னா, எறங்கி எங்க போறது?”

கேட் தூக்கினார்கள். பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அருள் டீயைச் சாலையில் வீசிவிட்டுக் கிளாஸை விற்கிறவனிடம் கொடுத்தான். எல்சி கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே போனாள். முருகையன் மெதுவாக, “வுடுங்க எல்சிம்மா, கையோட இழுத்துடப் போவுது” என்றார். விட்டாள். வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கிப் போயிற்று. முருகையனின் கால் பிரேக்கை நன்றாகவே எட்டியது.

அதற்கப்புறம் ஜோஸ்வாவின் போன் வரும். மாமியார் பேசுவாள். எல்சி எழுந்து போய்விடுவாள். ஒருநாள் ஏணி வைத்து ஏறி, பலகையில் சிவப்பாக இருந்த வரியை மட்டும் சுரண்டி எடுத்தாள். கேட்டவர்களிடம், பெயிண்ட் உரிந்துவிட்டது என்றாள். ஆனால் ஏஜென்ட் விலாசம் கேட்டு வருகிற பையன்களிடம் மட்டும் மறைக்கவில்லை. போகாதே, அங்கே வேலை இல்லை, அவன் ஏமாற்றுகிறான் என்று சொல்லிப் பார்த்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? “புருசன அனுப்பிருச்சு, தம்பிய அனுப்பிருச்சு, நம்ம புள்ளங்க போனா மட்டும் எரியுது பாரு” என்றார்கள். அவளுடைய வீட்டிலிருந்து இரண்டு பேர் போயிருப்பதே அந்த ஏஜென்ட்டுக்குச் சாட்சியாக இருந்தது.

சம்பா நடவு முடிகிற சமயத்தில் அருள் கூப்பிட்டான். குரல் தெளிவாக இருந்தது. போன பிறகு அவன் அக்காவிடம் பேசுவது அதுதான் முதல்முறை. “நல்லாருக்கேன்க்கா. பெரிய ஒர்க் ஷாப்பு. ரூம்ல ஏசி. அத்தான் அப்பப்ப வந்து பாக்குறாரு. அம்மாகிட்ட சொல்லிடு. நீதான் சும்மா பயந்த.”

“சாப்பாடெல்லாம்?”

“எல்லாம் நல்லாருக்குக்கா. பெரிய பெரிய வண்டியா வருது. நம்ம கூத்தாநல்லூர் வண்டி மாதிரியே, சீட்டெல்லாம் தானா நகருது.”

எல்சி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தாமல் பேசினான். அவன் பேச்சுக்குப் பின்னால் இருந்த சத்தத்தையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த வண்டியைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. எந்த வயரைப் பற்றியும் கேட்கவில்லை.

“அருளு, விரலிடுக்கெல்லாம் எப்படிடா இருக்கு?”

பேச்சு நின்றது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

“இரு அக்கா” என்றான் அவன். “கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன்.”